ஒன்பது நொடிப் பச்சை

எங்கள் தெருமுனை சிக்னலில் நடப்பவர்களுக்கென்று ஒரு பச்சை மனிதன் உண்டு. ஒன்பது நொடி எரிவான். அதற்குள் எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தவர் பாதசாரி, சேராதவர் 'நடுச்சாலைத் தடங்கல்'. இது என் கைச்சரக்கு இல்லை. பாதசாரிகள் நலப் பிரிவு வெளியிட்ட சுற்றறிக்கையின் நான்காம் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. அதை நூற்றைம்பது நகல் எடுத்துக் கொடுத்தவன் நான். ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு அரசாங்கம் என்ன நினைக்கிறது என்பது மற்றவர்களைவிட அரை மணி நேரம் முன்னதாகத் தெரிந்துவிடும். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

என் கடைக்குப் பக்கத்துக் கடை சைக்கிள் கடை. கடைக்காரரை எல்லோரும் பெடல் அண்ணன் என்போம். பஞ்சர் ஒட்டுவது, கோணின சக்கரத்தை நிமிர்த்துவது, இதுதான் தொழில். அவருடைய மனைவியை நாங்கள் அண்ணி என்று கூப்பிடுவோம். அண்ணியின் கூடப்பிறந்த அக்கா வீடு சாலைக்கு அந்தப் பக்கம், எதிர்த்தெருவில் முதல் வீடு. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அண்ணி சாலையைக் கடந்து அக்கா வீட்டுக்குப் போவார். ஏழு மணிக்குத் திரும்பி வருவார். இரண்டு மணி நேரம் என்ன பேசுவார்கள் என்று அண்ணனைக் கேட்டால், "என்னப் பத்தித்தான். வேற என்ன இருக்கு அவங்களுக்கு?" என்பார்.

போன வருஷம் அண்ணிக்குப் பக்கவாதம் வந்தது. பிழைத்துக்கொண்டார். இடது கால் மட்டும் பழையபடி வரவில்லை. ஊன்றுகோல் வைத்து, இடது காலை இழுத்து இழுத்து நடந்தால் சாலையைக் கடக்க முப்பத்தொரு நொடி ஆகும். அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், வண்டி இல்லாத நேரத்தில், கூட்டிப்போய் அளந்து பார்த்தார். பகலில் முதல் முறை போனபோது பச்சை அணைந்து, பாதி வழியில் நின்ற அண்ணியைச் சுற்றி அத்தனை வண்டிகளும் காது கிழிய ஹாரன் அடித்தன. அண்ணி வீட்டுக்கு வந்து இரண்டு நாள் வாசல் பக்கமே வரவில்லை.

சக்கர நாற்காலி இருக்கிறதே என்பீர்கள். சாலை நடுவில் உள்ள திட்டின் இடைவெளியில் மோட்டார் சைக்கிள்காரர்கள் புகுந்துவிடக் கூடாது என்று நலப் பிரிவு மூன்று இரும்புக் கம்பம் நட்டிருக்கிறது. மோட்டார் சைக்கிள்கள் எப்படியோ புகுந்துவிடுகின்றன. நாற்காலிதான் போகாது. ஆட்டோ என்பீர்கள். திரும்புகிற இடம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி. ஏற்றி இறக்க இரண்டு பேர் வேண்டும். நான்கு தடவை போனார்கள். ஐந்தாவது தடவை அண்ணியே மாட்டேன் என்றுவிட்டார். "எதிர்வீட்டுக்குப் போக ஊரச் சுத்தணுமாக்கும்? நடந்து போறப்ப போய்க்கறேன்."

அக்காவாவது இந்தப் பக்கம் வரலாமா என்றால், அவருக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதோடு சரி.

ஆகவே ஐந்து மணிக்கு அண்ணி சிக்னலுக்கு இந்தப் பக்கம் வந்து நிற்பார். அக்கா அந்தப் பக்கம் கேட்டருகே நிற்பார். இருவர் காதிலும் போன். பதினான்கு மீட்டர் சாலைக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே, போனில் பேசுவார்கள்.

"இரு அக்கா, பஸ் மறைக்குது. ம், இப்ப தெரியற. அந்த நீல ஸ்வெட்டர இன்னும் தூக்கிப் போடலையா நீ?"

"இது உன்னுதுதாண்டி. நீதான் வந்து எடுத்துக்கணும்."

"வரேன். கால் கொஞ்சம் சரியாகட்டும், வந்துடறேன்."

"மெதுவா வா. என்ன அவசரம்? நான் எங்க ஓடப்போறேன்?"

தினமும் கடைசிப் பேச்சு இதுதான். எனக்கு மனப்பாடம். அண்ணியின் போனில் அவ்வளவு சத்தம், மெஷினையும் மீறிக் கேட்கும்.

பச்சையை இன்னும் இருபத்திரண்டு நொடி கூட்டிக் கேட்டு அண்ணனுக்கு நான் மனு அடித்துக் கொடுத்தேன். இருவருமாக நலப் பிரிவு அலுவலகத்துக்கு நடந்து போனோம். வாசல் காவலர் பதிவேட்டைத் திறந்து, "வண்டி நம்பர்?" என்றார்.

"நடந்து வந்தோம்."

"வண்டி நம்பர் எழுதாம பாஸ் போட முடியாது. அந்தக் கட்டம் காலியா இருந்தா மேல திட்டுவாங்க."

பாதசாரிகள் நலப் பிரிவுக்குள் பாதசாரி நுழைய வழி இல்லை என்பதை நாங்கள் அங்கே நின்று சற்று நேரம் ரசித்தோம். பிறகு என் ஸ்கூட்டர் எண்ணைச் சொன்னேன். "வண்டிய எங்க நிறுத்தியிருக்கீங்க?" என்றார். வீட்டில் என்றேன். அதற்குக் கட்டம் இல்லாததால் விட்டுவிட்டார்.

அதிகாரி நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார். அவருடைய தலைக்கு மேல் சுவரில் 'காரை விடுங்கள், காலை நம்புங்கள்' என்று பெரிதாக ஒரு சுவரொட்டி. மனுவை முழுதாகப் படித்தார். அதிலேயே நாங்கள் கொஞ்சம் ஏமாந்துபோனோம்.

"ஒன்பது நொடிங்கறது விஞ்ஞானபூர்வமா கண்டுபிடிச்சது, சார். நாங்களா இஷ்டத்துக்கு வச்சதில்ல. சராசரி நடையாளர் எவ்வளவு வேகமா நடக்கறார்னு அளந்து பார்த்தோம்."

"யார அளந்தீங்க?" என்றார் அண்ணன்.

"எங்க ஊழியர்களத்தான். சாயங்காலம் ஆபீஸ் முடியற நேரத்துல, சீட்டுலேர்ந்து வாசல் வரைக்கும். நாற்பது பேர். ஒருத்தர்கூட ஒன்பது நொடியத் தாண்டல."

அண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். பிறகு, "சார், என் வீட்டுக்காரிக்கு ஒரு கால் வராது," என்றார்.

"புரியுது. ஆனா அவங்க சராசரிக்குள்ள வரமாட்டாங்க. அதுக்கு நாங்க என்ன பண்றது? இருபத்திரண்டு நொடி கூட்டினா ரெண்டு பக்கமும் சேர்த்து எண்பது வண்டி நிக்கும். அத்தன பேரும் அவங்களத் திட்டுவாங்க. அவங்க மனசு புண்படக் கூடாதுன்னுதான் நான் யோசிக்கறேன்." கொஞ்சம் யோசித்தும் பார்த்தார். "நீங்க ஏன் ஒரு கார் வாங்கக் கூடாது?"

அண்ணன் அண்ணாந்து சுவரொட்டியைப் பார்த்தார். அதிகாரியும் திரும்பிப் பார்த்துவிட்டு, "அது பொதுமக்களுக்கு," என்றார்.

எப்படியும் மனு வந்துவிட்டதால் விதிப்படி கணக்கெடுப்பு நடத்தினார்கள். மடக்கு நாற்காலியும் கையில் 'டிக் டிக்' என்று அழுத்துகிற ஒரு எண்ணியுமாக ஒருவர் வந்து நடைபாதையில் உட்கார்ந்தார். நடைபாதை குறுகல். அவருடைய நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போக எல்லோரும் சாலையில் இறங்கித்தான் நடக்க வேண்டியிருந்தது. அப்படி இறங்கியவர்களை அவர் தனிப் பக்கத்தில் 'விதிமீறல்' என்று குறித்துக்கொண்டார். மற்றபடி பரம சாது. ஒரு கட்டத்தையும் காலியாக விடத் தெரியாதவர், அவ்வளவுதான். நான் தண்ணீர் கொடுத்தால் குடித்த நேரத்தையும் எழுதிவைப்பார்.

ஒரு வாரம் எண்ணினார். முடிவின் நகலும் என் கடையில்தான் எடுத்தார்கள். 'மேற்படி இடத்தில் சாலையைக் கடந்த முதியோர், நடக்க இயலாதோர்: எவருமில்லை. எனவே இவர்களுக்கு அவ்விடத்தில் தேவை இல்லை.'

"கடக்க முடியாததுனாலதானே யாரும் கடக்கல!" என்று அண்ணன் கணக்கெடுப்பாளரிடம் கத்தினார்.

"கடக்காதவங்களுக்குக் கட்டம் இல்லீங்க," என்றார் அவர், நிஜமாகவே வருத்தத்தோடு.

ஐந்து மணிக்கு அண்ணி வந்து நின்றபோது அவர் எழுந்து நாற்காலியை நகர்த்தி இடம் விட்டார். ஏழு நாளும் விட்டார். ஆனால் அண்ணி கடக்கவில்லை, நிற்கத்தான் செய்தார். அதனால் ஏழு நாளும் அவரை எழுதவில்லை.

நாங்கள் விடவில்லை. மனு மேல் மனு போட்டோம். ஒன்பதாவது மனுவுக்குப் பலன் கிடைத்தது. சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டு அதிகாரியே மேடையேறினார். "உங்கள் குரல் எங்களுக்குக் கேட்டுவிட்டது," என்று தொடங்கினார். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். எண்ணெயும் கிரீஸும் ஏறின கை.

"சிக்னலை மனிதனுக்கு ஏற்ப மாற்றுவது சுலபம். ஒரு திருகாணியைத் திருகினால் போதும். ஆனால் நாங்கள் சுலப வழியைத் தேடுகிறவர்கள் அல்ல! மனிதனைச் சிக்னலுக்கு ஏற்ப உயர்த்துவோம். இதோ, 'பச்சைக்கேற்ற பாதம்' திட்டத்தைத் தொடங்கிவைக்கிறேன்!"

கைதட்டினார்கள். பழக்க தோஷத்தில் நானும் தட்டிவிட்டேன். திட்டத்தின் முதல் பயனாளியாக அண்ணியின் பெயரைச் சேர்த்தார்கள். பயனாளி எண் ஒன்று. இரண்டாவது எண்ணுக்கு ஆள் கிடைக்கவில்லை. ஒரு கையேடு கொடுத்தார்கள். அதில் ஓடுகிற இளைஞன் படம். ஒரு பனியன் கொடுத்தார்கள். தொடக்க நேரம் என்ற கட்டத்தில் முப்பத்தொன்று என்று கணக்கெடுப்பாளர் எழுதினார். இறுதி நேரம் என்ற கட்டம் காலியாக இருந்தது. அதைப் பார்க்கவே அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும், விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

அண்ணன் பனியனைத் தூக்கி எறியப் போனார். அண்ணிதான் வாங்கி வைத்துக்கொண்டார். "இருக்கட்டுங்க. அவங்க மாத்த மாட்டாங்க. நானாவது மாறிப் பாக்கறேனே. எட்டு மாசமாச்சு அவ வீட்டுப் படி ஏறி."

பெடல் அண்ணன் எங்கள் சந்தில் சாக்குக்கட்டியால் பதினான்கு மீட்டருக்கு இரண்டு கோடு போட்டார். நடுவில் மூன்று வட்டம், அவை கம்பங்கள். சாயங்காலம் நான்கு மணிக்கு அண்ணி இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்கு நடப்பார். அண்ணன் பக்கத்திலேயே கையைத் தொடாமல் நீட்டிக்கொண்டு போவார். எண்ணுவது என் வேலை.

முப்பத்தொன்று இருபத்தெட்டு ஆனது. ஒரு மாதத்தில் இருபத்துநான்கு ஆனது. அதற்குமேல் ஒரு நொடிகூட இறங்கவில்லை. அண்ணியின் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. கொஞ்சம் இழுத்து எண்ண ஆரம்பித்தேன். "பதினே...ழு. பதினெ...ட்டு." அண்ணனுக்குத் தெரியும். தெரிந்தும் கையை நீட்டிக்கொண்டே கூட நடப்பார். ஐந்து மணிக்கு அண்ணி போனில், "அக்கா, இன்னைக்குப் பதினெட்டு!" என்று கத்துவார். அந்தப் பக்கத்திலிருந்து, "சரி சரி, மெதுவா வா," என்று வரும். இப்படியே இழுத்து இழுத்து அண்ணியைப் பதிமூன்றுக்குக் கொண்டுவந்துவிட்டேன். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். இதை எழுதும்போதும் அந்த நினைப்பைத் தவிர என்னிடம் வேறு சமாதானம் இல்லை.

மதிப்பீட்டுக்கு ஒரு வாரம் இருந்தபோது அண்ணி அந்தப் பனியனைப் போட்டுக்கொண்டு வந்தார். "இன்னைக்கு ஒன்பதுல முடிக்கறேன், பாருங்க. முடிச்சா இப்பவே நேரா அக்கா வீட்டுக்குத்தான்," என்று சிரித்தார். நான் ஒன்று என்றேன். அண்ணி ஊன்றுகோலை முன்னால் வீசி வீசி, கிட்டத்தட்ட ஓடினார். நான் ஆறு சொன்னபோது நடு வட்டத்தில் இடது கால் மடங்கியது. அண்ணனின் கை ஒரு சாண் தள்ளி இருந்தது.

இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. நலப் பிரிவுக்குத் தெரியப்படுத்தினோம். ஒரே வாரத்தில் பதில் வந்தது, அவ்வளவு வேகமாக அவர்கள் எதற்கும் பதில் போட்டதில்லை. 'சம்பவம் சந்தில் நடந்திருப்பதால் சாலை விபத்தாகக் கருத இயலாது. பயனாளி பயிற்சிக்கு வராத நாட்களுக்கு விடுப்பு விண்ணப்பம் அனுப்பவும்.' விண்ணப்பத்தையும் நான்தான் அடித்தேன். காரணம் என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று அண்ணனைக் கேட்டேன். அவர் ஒரு சைக்கிள் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். "நடக்க முடியலன்னு போடு," என்றார்.

அண்ணி படுத்த படுக்கையானார். ஐந்து மணிக்குப் போன் மட்டும் வரும். அக்கா கேட்டருகே நின்றுகொண்டுதான் பேசினார், இந்தப் பக்கம் பார்க்க யாரும் இல்லாவிட்டாலும். பிறகு சளி நெஞ்சில் கட்டியது. மூன்றாவது மாதம் ஒரு புதன்கிழமை அண்ணி போய்விட்டார். ஐந்து மணிப் போனை அன்று அண்ணன்தான் எடுத்தார்.

மறுநாள் காலை எடுத்தோம். இடுகாடு அந்தப் பக்கம், அக்கா வீட்டைத் தாண்டித்தான். தோள் கொடுத்த நான்கு பேரில் நானும் ஒருவன். சிக்னலுக்கு வந்தோம். எங்களைப் பார்த்ததும் அத்தனை வண்டியும் நின்றுவிட்டது. ஒருத்தன்கூட ஹாரன் அடிக்கவில்லை. ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். ஒன்பது நிமிடம் எடுத்துக்கொண்டிருக்கலாம், யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அப்போது பச்சை விழுந்தது. நாங்கள் ஓடினோம்.

யாரும் சொல்லவில்லை. எங்கள் பகுதி ஆட்களின் கால் அப்படிப் பழகிவிட்டது, பச்சையைக் கண்டால் ஓடும். முன்னால் இருந்த இரண்டு பேரும் ஓடினார்கள், என் காலும் ஓடியது. கம்பங்களுக்கு மேலே தூக்கி, அண்ணியை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு ஓடி, அந்தப் பக்கம் போய் மூச்சு வாங்க நின்றோம். பின்னால் அண்ணன் தனியாக, நிதானமாக நடந்து வந்துகொண்டிருந்தார். பாதி வழியில் சிவப்பு விழுந்தது. வண்டிகள் அவருக்காகவும் நின்றன.

நடைபாதையில் கணக்கெடுப்பாளர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். அண்ணியின் விடுப்பால் தள்ளிப்போயிருந்த திட்டத்தின் இறுதி மதிப்பீடு அன்றுதான். பதிவேட்டை நெஞ்சோடு அணைத்திருந்தார். என்னருகே வந்து தாழ்ந்த குரலில், "இவங்க... பயனாளி ஒண்ணு தானுங்களா?" என்றார்.

ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு குனிந்து எழுதினார்.

அக்கா வீட்டு வாசலில் இறக்கி வைத்தோம். பதின்மூன்று மாதம் கழித்து அண்ணி வந்திருந்தார். அக்கா கேட்டை விட்டுவிட்டு, யாரையும் பிடித்துக்கொள்ளாமல் இரண்டு எட்டு வைத்து வந்தார். நீல ஸ்வெட்டரைக் கழற்றித் தங்கையின் காலைப் போர்த்தினார். இடது காலை. 

பதினைந்தாம் நாள் அண்ணனைச் சமுதாயக் கூடத்துக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. நானும் கூடப் போனேன். மேடையில் அதிகாரி காகிதத்தைப் பார்த்துப் படித்தார். "முப்பத்தொரு நொடியிலிருந்து எட்டு நொடி! சராசரியையே தோற்கடித்திருக்கிறார் நம் பயனாளி! குறிப்பு என்ற கட்டத்தில் என்ன இருக்கிறது பாருங்கள். 'நால்வர் உதவியுடன்.' இதைத்தான் நாங்கள் சமூகப் பங்களிப்பு என்கிறோம். அக்கம்பக்கத்தார் தோள் கொடுத்தால் எதுதான் முடியாது? பயனாளியின் கணவரை மேடைக்கு அழைக்கிறேன். அம்மா வரவில்லையா?"

அண்ணன் ஒலிபெருக்கியின் அருகே போனார். "அவ செத்துப் போயிட்டா, சார். தூக்கிட்டுப் போனப்ப எழுதினதுங்க அது."

 அதிகாரி காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார், பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "ஈடு செய்ய முடியாத இழப்பு," என்றார்.  "ஆனா, கடந்தது கடந்ததுதானே? பதிவேட்டுல ஏறிடுச்சு. இனி மாத்தினா மொத்தத் திட்டமே அடிபட்டுப் போயிடும். உங்க மனைவி நினைவா இந்தத் திட்டம் நாலு பேருக்குப் போய்ச் சேரட்டும்." பிறகு எல்லோரையும் எழுந்து மௌனம் காக்கச் சொன்னார். கூடத்தை ஐந்து மணிக்குள் காலி செய்ய வேண்டியிருந்ததால் மௌனம் சுருக்கமாக முடிந்தது. நான் எண்ணவில்லை.

சான்றிதழோடு ஒரு கடிதமும் இணைத்திருந்தார்கள். 'மனுதாரரின் மனைவி விதித்த நேரத்துக்குள் சாலையைக் கடந்தது நேரில் கண்டு உறுதி செய்யப்பட்டது. எனவே சிக்னல் நேரத்தை நீட்டிக்கத் தேவை எழவில்லை. மனு முடித்துவைக்கப்படுகிறது.'

நேரே சிக்னலுக்கு வந்தோம். மணி ஐந்து. அக்கா கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் போன். அண்ணன் பச்சைக்குக் காத்திருந்தார். விழுந்ததும் ஓடாமல் நடந்தார், ஹாரன் காதைக் கிழித்தது, நானும் ஓடாமல் அவரோடு நடந்தேன்.

"என்ன தம்பி கையில?" என்றார் அக்கா. "கண்ணாடி உள்ள இருக்கு. நீங்களே படிச்சுச் சொல்லுங்க."

அண்ணன் சான்றிதழைப் பிரித்தார். விரல் வைத்து ஒருமுறை படித்தார். மறுபடி மடித்தார்.

"அவ ரொம்ப சீக்கிரமா வந்துட்டான்னு போட்டிருக்குக்கா."

அக்கா சாலைக்கு அந்தப் பக்கம், அண்ணி வழக்கமாக நிற்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பஸ் வந்து மறைத்தது. அது போகிறவரை காத்திருந்தார்.

"மெதுவா வா, மெதுவா வான்னு தினமும் சொன்னேனே, தம்பி," என்றார்.